தேதி வரிசை

சௌந்தரவடிவுக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்லதெல்லாம் அவள் எதற்கும் ஆசைப்படாததால் கிடைத்தது. அரசு வேலை, நான்காவது மாடியில் காற்று வரும் வீடு, அலுவலகத்தில் ஜன்னலோர மேசை, மூன்று பாராட்டுப் பத்திரங்கள். எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கணவர் பிரிந்து போன அன்று, சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். வடிவு கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சற்று நேரம் நின்றார். பாவம், நின்றதுதான் மிச்சம்.

அந்த நாட்டில் எல்லோருக்கும் நெற்றியோரத்தில் ஒரு பட்டை உண்டு. விரல்நகத்தளவுதான் இருக்கும், குளித்தாலும் கழன்றுவிடாது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு கனமாக நினைக்கிறார், அது பயமா கோபமா ஏக்கமா என்பது மட்டும் தெரியும். அதை ஒரு கோடாக இழுத்துக்கொண்டே போகும். கோடு தட்டையாக இருந்தால் பட்டையில் பச்சைப் புள்ளி எரியும், எகிறினால் மஞ்சள்.

இது எப்படி வந்தது என்றால், இருபது வருடத்துக்கு முன்னால் சில படித்த மனிதர்கள் லட்சக்கணக்கான பேரின் கோடுகளை அடுக்கிப் பார்த்தார்கள். கனமாக நினைக்கிறவர்களுக்கே விபத்து வந்தது, நோய் வந்தது, வேலை போனது. ஆக, ஒருவருடைய நிலைமைக்கு அவருடைய எண்ணமே காரணம் என்று தீர்மானித்து, சட்டமும் போட்டு, சுவருக்குச் சுவர் பலகையும் மாட்டிவிட்டார்கள். எண்ணம் முதலில் வந்ததா, நிலைமை முதலில் வந்ததா என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வடிவு வேலை பார்த்தது வள்ளியூரில், விபத்து ஆய்வு அலுவலகத்தில். யாராவது அடிபட்டால், செத்தால், அவர்களுடைய கோடு அவள் மேசைக்கு வரும். கடைசி மாதங்களில் கோடு எகிறியிருந்தால் 'தன்வினை' என்று எழுத வேண்டும். அதாவது, நினைத்து நினைத்துத் தானே வரவழைத்துக்கொண்டது. இல்லையென்றால் 'புறவினை'. புறவினை என்று எழுதினால் சம்பந்தப்பட்ட இயந்திரத்தை அன்று மாலைக்குள் பூட்டிச் சோதித்தே ஆக வேண்டும். தன்வினை என்றால் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். வடிவு பதினான்கு வருடத்தில் புறவினை என்று எழுதியது ஒன்பது முறை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தங்கபுஷ்பம் வந்தாள். பணகுடிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மாதத்துக்கு முன் அவளுடைய கணவர் சுயம்புலிங்கம் மின்சாரம் எடுக்கிற காற்றாடி டவரிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தார். மனுதாரர்களுக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி உண்டு. பெரும்பாலும் அழுவார்கள். வடிவு அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு மனு எண்ணைக் கேட்பாள். இவள் அழவில்லை. எண்ணையே முதலில் சொன்னாள்.

"பதினோரு வருசமா டவர் ஏறுனாவ மேடம். பயம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. போன வைகாசியில ஒரு செவ்வாக்கெழம வந்து, சோத்தப் பெசஞ்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாவ. என்னன்னு கேட்டேன். உச்சியில கம்பியப் பிடிச்சிருக்க தகட்டுல கீறல் விழுந்திருக்குன்னாவ."

ஏறுகிறவர்களின் இடுப்புப் பட்டையைக் கொக்கி போட்டு மாட்டுகிற கம்பி அது. ஏணியை ஒட்டி உச்சியிலிருந்து தரைவரை தொங்கும். கால் வழுக்கினால் அந்தக் கம்பிதான் உயிர். அதை உச்சியில் தாங்குவது கையகலத் தகடு ஒன்று. சுயம்புலிங்கம் போய் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் தகட்டைப் பார்க்கவில்லை, இவருடைய நெற்றியைப் பார்த்தார். மஞ்சள் எரிந்தது. மஞ்சள்காரன் சொல்லும் புகாரைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை, அது புகார் இல்லை, நோய்க்குறி. நல்லதை நினை தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருபத்து மூன்றாம் நாள் தகடு, கம்பி, மனிதர் எல்லாம் சேர்ந்து கீழே வந்தது. விழுந்த வேகத்தில் தகடு உடைந்தது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது.

"இப்ப புதுத் தகடு போட்டுட்டோம்கிறாவ. தகட்டத் தாங்குத அதே பழைய அடிச்சட்டத்துலதான் போட்டிருக்காவளாம், அதுலயும் கீறல் ஓடியிருக்கும்னு எம் புருசனே அப்ப சொல்லியிருக்காவ. என் தம்பிய அதே டவருக்குப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில ஏறுதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம். அந்த டவரை நிறுத்தச் சொல்லுங்க."

தம்பியை ஏற வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்று வடிவு கேட்டாள். மாட்டேன் என்று சொன்னால் அதைப் பயம் என்று பதிந்து வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், அவன் கேட்கிற ஆளும் இல்லை என்றாள் தங்கபுஷ்பம். பத்து நிமிடம் முடிந்தது. அவள் எழுந்து, நாற்காலியை மேசைக்குள் சரியாகத் தள்ளிவிட்டு, வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வடிவு திரையில் கோப்பைத் திறந்தாள். அந்த அலுவலகத்தில் கோடுகள் எப்போதும் கனத்த வரிசையில்தான் வரும். ஆகக் கனமான எண்ணம் மேலே, அதற்கடுத்தது அதன் கீழே. மேலே உள்ள பத்தைப் பார்த்தால் போதும், முத்திரை குத்திவிடலாம். சுயம்புலிங்கத்தின் பத்தும் பயம். எல்லாம் டவர் அடியிலோ ஏணியிலோ வந்தவை. பழக்கப்பட்ட விரல் 'தன்வினை' மேல் போய் நின்றுவிட்டது.

பதினோரு வருசமா பயம்னு சொன்னதில்ல என்ற வார்த்தைதான் இடித்தது. இரக்கத்தால் இல்லை. பொருந்தாத எதையாவது பார்த்தால் வடிவுக்கு, சேலை மடிப்பு கோணலாக இருப்பதைப் பார்ப்பது போல, ஒரு சின்னத் தொந்தரவு. வேறு வரிசை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். மூன்றாவது பட்டியலின் அடியில் 'தேதி வரிசை' என்று இருந்தது. பதினான்கு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. அங்கே யாரும் தொட்டதில்லை.

தொட்டாள். சுயம்புலிங்கத்தின் பதினோரு வருடம் இடமிருந்து வலமாகத் தரையாக விரிந்தது. ஒரு பங்குனியில் மகளுக்குக் காய்ச்சலோ என்னவோ, இரண்டு நாள் லேசாக மேடு தட்டியிருந்தது. அப்புறம் மறுபடி தரை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து பதினாலுக்கு அது செங்குத்தாக எழுந்தது. வேலைச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பத்து ஐந்திலிருந்து பத்தரை வரை, உச்சியில், கம்பித் தகடு துடைத்தல்.

அதற்கப்புறம் தினமும் காலை பயம். ஏறுவதற்கு முன் எல்லோரும் பட்டையைத் தொட்டு, இன்று நலமாக ஏறி நலமாக இறங்குவேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். அவரும் சொல்லியிருக்கிறார், சொல்லும்போதே கோடு எகிறியிருக்கிறது. நடுவில் நான்கு நாள் மட்டும் தரை. வடிவு சீட்டுகளைப் புரட்டினாள். அந்த நான்கு நாளும் அவரை வேறு டவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

மனிதர் பயந்தாங்கொள்ளி இல்லை. தகட்டுக்குப் பயந்தார். அந்த ஒரே ஒரு தகட்டுக்கு.

வடிவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டும்போது ரத்தம் திரும்புமே, அப்படி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாளைக்கு ஏறப்போகிற பையனின் நினைவு வந்தது. 'புறவினை' என்று எழுதி, கைநாட்டுத் தகட்டில் கட்டைவிரலை வைத்தாள். இவ்வளவு படித்தும் எல்லோரும் கடைசியில் கைநாட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். விரலை வைத்துக்கொண்டு, இறந்தவர் பெயரையும் தீர்ப்பையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பத்து நொடி. படித்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. ஆய்வாளர் மனநிலை சீராக இல்லை, தீர்ப்பு செல்லாது.

அப்படி ஒரு எழுத்து வரும் என்பதையே அவள் மறந்திருந்தாள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி டவரை நிறுத்தி வையுங்கள் என்றாள். தீர்ப்பு வரட்டும் மேடம் என்றார்கள், மரியாதையாகவே. எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு இரண்டாவது முறை விரலை வைத்தாள். அதுவும் போயிற்று.

கண்காணிப்பாளர் அந்தோணிராஜ் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை. இருபத்தைந்து வருடமாக யாருக்கும் கெடுதல் செய்யாமல், யாருக்கும் எதுவும் செய்யாமல் இருந்தவர். வடிவின் நெற்றியில் மஞ்சளைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அவள் தேதி வரிசையைக் காட்டினாள். பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார், கோலத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

"நீங்க எழுதுனது சரிம்மா. நான் இல்லைங்கல. ஆனா இரக்கப்பட்டு எழுதுன தீர்ப்பு நிக்காது. நாளைக்கு இன்னொருத்தர் கோபப்பட்டு எழுதுவாரு, அதையும் ஒத்துக்கணும்பாரு. அதுக்காக வச்ச சட்டம்தான இது?"

"அந்தப் பையன் நாளைக்கு ஏறுறான் சார்."

"அதை நினைச்சீங்கன்னா மூணாவதும் போகும். மூணும் போச்சுன்னா கோப்பு அடுத்த ஆய்வாளர் குலசேகரன் மேசைக்குப் போயிரும். அவரு கனத்த வரிசையப் பாப்பாரு. நாலு மணிக்குள்ள முடிச்சிருவாரு."

அவர் போன பிறகு வடிவு வெகுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு விரலை வைக்க முடியாது. பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வதே அதற்குத்தான். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், அந்தத் தகட்டை நினைக்க வேண்டும், நினைத்தும் ஒன்றும் ஆகக் கூடாது. ஜன்னல் வழியே பார்த்தால் மரத்தடியில் தங்கபுஷ்பம் தெரிவாள். எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முதலில் அந்தப் பெண்ணின் முகத்தை. நான் இவளை இன்று காலைதான் பார்த்தேன். அடுத்து சோற்றைப் பிசைந்துவிட்டு உட்கார்ந்திருந்த மனிதரை. ஊரில் தினமும் யாராவது சோற்றைப் பிசைந்துவிட்டு உட்கார்ந்திருக்கத்தான் செய்கிறார்கள். கடைசியாகப் பையன். அவன்தான் லேசில் போகவில்லை. அவன் ஏறினால் எனக்கு என்ன, ஏறாவிட்டால் எனக்கு என்ன என்று தனக்குத்தானே சொன்னாள். சும்மா சொன்னால் பட்டைக்குத் தெரிந்துவிடும். ஆகவே நிஜமாகவே கேட்டுப் பார்த்தாள். வடிவு, அவன் விழுந்தால் உனக்கு என்ன? நாளைக் காலை பத்து மணிக்கு விழுகிறான் என்று வை. நீ அப்போது என்ன செய்துகொண்டிருப்பாய்? இங்கேதான் உட்கார்ந்திருப்பாய். பதினொன்றரைக்கு டீ வரும். குடிப்பாய். அதுதானே உண்மை? அம்மா இறந்த மூன்றாம் நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கவில்லையா?

குடித்தாள்தான். நெஞ்சுக்குள் குறுகுறுப்பு அடங்கியது. ஆட்கள் எழுந்து போன அறை மாதிரி உள்ளே காலியாக இருந்தது. அந்தக் காலியிடம் அவளுக்கு நன்றாகப் பழக்கம். விரலை வைத்து, சுயம்புலிங்கம், புறவினை என்று படித்தாள். பத்து நொடி. பச்சை எழுத்து வந்தது. தீர்ப்பு ஏற்கப்பட்டது.

அந்தப் பத்து நொடியில் அவள் நினைத்தது நடிப்பில்லை. பட்டை நடிப்பை ஏற்றுக்கொள்ளாது.

மாலை ஐந்து மணிக்கு டவரைப் பூட்டினார்கள். மறுநாள் சோதித்தபோது அடிச்சட்டத்தில் முழ நீளத்துக்குக் கீறல். உள்ளே துரு ஏறியிருந்தது. துரு ஏற மாதக்கணக்கில் ஆகும் என்று அறிக்கை எழுதிய பொறியாளரே குறித்திருந்தார். அந்தோணிராஜ் அறிக்கையைக் கொண்டுவந்து வடிவின் மேசையில் வைத்தார். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார். மூன்றாவது முறை அவள் விரல் வைத்தபோது வந்த கோடு, இந்த வருடம் முழுக் கிளையிலும் வந்ததிலேயே தட்டையான கோடாம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே பயிற்சி கொடுக்கட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தேதி வரிசையைப் பற்றி மேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. வடிவு சரி என்றாள்.

ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சந்தோஷம் வேண்டாம், கோப்பைப் பார்த்தபோது வந்த அந்தக் குறுகுறுப்பாவது திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. அதுவும் வரவில்லை. தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அடுத்த வாரம் தங்கபுஷ்பம் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தாள். சிவபெருமாள் என்று பெயர். இருபத்தாறு வயது, நல்ல உயரம், பளிச்சென்று சட்டை போட்டிருந்தான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சின்னக் குழந்தையைக் கூட்டத்தில் கூட்டி வருகிற மாதிரி. மேசைக்கு முன்னால் வந்ததும் வடிவின் காலைத் தொடக் குனிந்தாள். வடிவு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவளா நெனச்சு செஞ்சிருக்கீங்க மேடம். எங்களப் போல ஆளுகளுக்காக யாரு நெஞ்சு துடிக்கும்?"

வடிவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இல்லம்மா. கையெழுத்துப் போடும்போது நான் உங்க தம்பியை நினைக்கவே இல்ல. அவர் விழுந்தா எனக்கு என்னன்னு நினைச்சேன். அப்படி நினைச்சாத்தான் அது ஏத்துக்கிடும்."

தங்கபுஷ்பம் புரியாமல் பார்த்தாள். சிவபெருமாளுக்குப் புரிந்துவிட்டது. முதல் தடவையாகச் சிரித்தான்.

"எங்களுக்கும் அதுதான் மேடம். ஆறு மாசம் பயிற்சி குடுத்தாவ. மொதல்ல ஏறும்போது காலெல்லாம் நடுங்கும். ஒவ்வொண்ணா கழத்திப் போடணும்னு சொல்லிக் குடுத்தாவ. வீட்ட, அக்காவ, கீழ தெரியுத தரைய. இப்ப எதப் பாத்தாலும் உள்ள ஏறாது. என் கோடு சுத்தமா இருக்குன்னுதான் என்னய குழுத்தலைவரா போட்டிருக்காவ."

அத்தானுக்கும் அந்தப் பயிற்சி கொடுத்தார்களா என்று வடிவு கேட்டாள். கொடுத்தார்கள், அவருக்கு வரவில்லை என்றான். அவர் அப்படித்தான், எதையும் மனசில் போட்டுக்கொள்வார் என்றான். அப்புறம் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான்.

"அந்தக் கீறல அத்தான் எனக்கும் காட்டுனாவ மேடம். நானும் ஏறிப் பாத்தேன். நகம் உள்ள போகும், அவ்வளவு கீறல்."

"பார்த்துட்டு?"

"ஒண்ணும் தோணல. எறங்கி வந்து டீ குடிச்சேன்."

அக்காவின் கை அவன் மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

"நீ பாத்தியால?"

"பாத்தேன்க்கா."

"யார்ட்டயும் சொல்லலயா?"

அவன் யோசித்தான். ஏமாற்றுவதற்காக இல்லை, உண்மையான பதிலைத் தேடித்தான் யோசித்தான். அவன் நெற்றியில் பச்சை அசையாமல் எரிந்தது. அவன் சொன்னால் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள். பச்சைக்காரன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

"சொல்லணும்னு தோணலக்கா."

தங்கபுஷ்பம் கையை விட்டாள். அங்கேயே, மேசைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் மஞ்சள் ஏறியதைப் பார்த்த காவலாளி வந்து, அம்மா, வெளிய போய் உக்காருங்க, இங்க இருக்கக் கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் எழுந்து போனாள். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவபெருமாள் அக்கா போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடிவும் நின்றாள்.

நாளைக்கு எந்த டவர் என்று வடிவு கேட்டாள். பதினேழாம் நம்பர் என்றான்.

"அங்க மேல எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கும் மேடம்" என்றான் சிவபெருமாள். "போன வாரந்தான் ஏறுனேன். பயமா இல்ல."